பூட்டும் கை, திறக்கும் கை

பட்டாபிராம்
6.1.2025

கனிமொழி அக்காவுக்கு,

சுவேதா எழுதுகிறேன். ஐந்து வருஷமாக உன் நம்பரை பிளாக் செய்து வைத்திருப்பவள் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் பேசினால், என் காவ்யாவை அடக்கம் செய்த அன்று நீ போனில் சொன்னதுதான் எனக்கு மறுபடியும் கேட்கும். "இதுக்குத்தான் சொந்தத்துல வேணாம்னு சொன்னேன்." நாலு மாதக் குழந்தையை மண்ணில் வைத்துவிட்டு வந்து ஈரத் தலையோடு உட்கார்ந்திருந்தவளிடம் சொன்னாய். தாளில் என்றால் கோபம் வரும்போது கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகலாம்.

காரியத்துக்கு வருகிறேன். என் மகன் ஜீவாவை நீ பார்த்ததில்லை. மூன்றரை வயது. பிறந்த பத்தாம் நாளே சர்க்கரை ஐந்நூறைத் தாண்டியது, காவ்யாவுக்கு வந்த மாதிரியே. இந்தத் தடவை முந்திக்கொண்டு ஓடியதால் பிழைத்தான். ஒரு நாளைக்கு நாலு இன்சுலின் ஊசி. இன்னும் உட்காரவில்லை. கழுத்தை நான் பிடித்தால்தான் நிற்கும். பேச்சு இல்லை. ரயில் ஹாரன் அடித்தால் மட்டும் சிரிப்பான். ஸ்டேஷன் பக்கத்தில் வீடு என்பதால் சிரிப்புக்குக் குறைவில்லை.

போன வாரம் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்தது. ஏதோ ஒரு ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறதாம். அதனால் ஒரு நொதி கெட்டுப்போய், புரதம் மடிவது நின்றுபோகிறதாம். டாக்டர் கிஷோர் பத்து நிமிஷம் படம் போட்டு விளக்கினார். நானும் தலையாட்டினேன். பஸ் ஏறியதும் எல்லாம் மறந்துவிட்டது. நீ அங்கே ஹைதராபாத்தில் புரதத்தையெல்லாம் உறையவைத்து, அதன் உருவத்தைப் படம் பிடிக்கிறாய் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொள்வாள், உன்னைத் திட்டிக்கொண்டே. அதனால்தான் உன்னிடம் வருகிறேன். ரிப்போர்ட் நகல் உள்ளே இருக்கிறது.

இரண்டு கேள்வி. இது என்ன? இதற்கு மருந்து உண்டா? தெரியாது என்றால் தெரியாது என்று எழுது. சுற்றி வளைக்காதே.

பதிலை என் பெயருக்கே அனுப்பு. தபால்காரர் வரும் நேரத்தில் மாமா அம்பத்தூரில் கம்பெனியில் இருப்பார். உன் பெயரைக் கேட்டாலே சோற்றை விட்டு எழுந்துவிடுகிறார்.

சுவேதா

-

ஹைதராபாத்
11.1.2025

அன்புள்ள சுவே,

உன் கையெழுத்தை உறையின் மேல் பார்த்ததும் அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன். லேபிலேயே பிரித்துப் படித்தேன். நீ ஞாபகப்படுத்திய வாக்கியத்தை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நீ கேட்டதற்குப் பதில் எழுதமாட்டேன். முதலில் பதில்.

நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புரதம் நீளமான சரடாக உருவாகிறது. சரியாக மடிந்தால்தான் அது வேலைக்கு ஆகும். இன்சுலினும் அப்படித்தான். மடிய உதவி செய்ய ஒரு துணைப்புரதம் இருக்கிறது. பெயர் பிப். அந்த பிப்பை ஒரு நொதி நிர்வாகம் செய்கிறது. அதன் பெயர் ஃபிக்-டி, உன் ரிப்போர்ட்டில் இருப்பது அதுதான். வேலை குறைவாக இருக்கும்போது இந்த நொதி, பிப்பின் மேல் ஒரு சின்ன ரசாயனத் துண்டை ஒட்டிப் பூட்டிவைக்கும். வேலை குவிந்தால் அதே நொதி அந்தத் துண்டை எடுத்துத் திறந்துவிடும். பூட்டும் கையும் திறக்கும் கையும் ஒன்றுதான். எப்போது எது என்பதை அதன் வடிவம் தீர்மானிக்கிறது. இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருந்தால் திறக்கும், தனித்தனியாகப் பிரிந்தால் பூட்டும்.

ரிப்போர்ட்டில் வட்டம் போட்டிருக்கும் இடம், இந்த வேலை நடக்கிற குழியின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே உருவம் கெட்டதால் ஜீவாவின் நொதிக்குத் திறக்க வரவில்லை. பூட்டுவது மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. இன்சுலின் சுரக்கும் செல்கள்தான் ராத்திரி பகலாக மடிக்கிறவை, அதனால் அவை முதலில் விழுந்தன. நரம்பு செல்களுக்கும் அதே கதி.

நேற்று அந்த நொதியின் உருவத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் சிவப்பு நிறம் கொடுத்தேன். ஒரு பொட்டுதான் சுவே. ஒரு பிள்ளையின் கழுத்து நிற்காததற்குக் காரணம் இவ்வளவு சின்னதா என்று அழுதுவிட்டேன்.

மருந்து இல்லை. சுற்றி வளைக்காமல் எழுதச் சொன்னாய்.

ஒன்று மட்டும் புரியவில்லை. அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று என்று கெட்ட பிரதி இரண்டு சேர்ந்தால்தான் இந்த நோய் வரும். சொந்தத்தில் கல்யாணம், முதல் குழந்தை இப்படி இறந்தது என்று கேட்ட உடனே எந்த டாக்டரும் ஜீன் பரிசோதனைக்கு எழுதியிருப்பாரே. மூன்றரை வருஷம் ஏன் ஆனது?

கனி

-

பட்டாபிராம்
17.1.2025

அக்கா,

ஏன் ஆனது என்றா கேட்கிறாய்? நன்றாகக் கேட்டாய்.

காவ்யா போன பிறகு எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதல் கேள்வி, சொந்தமா என்பதுதான். தாய்மாமன் என்று சொன்னால் போதும், நர்ஸிலிருந்து ஸ்கேன் எடுக்கிற பெண்வரைக்கும் மூஞ்சியைச் சுளிப்பார்கள். "தெரிஞ்சேதான பண்ணிக்கினீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். ஒவ்வொரு வாயிலும் எனக்கு உன் வாய்தான் தெரிந்தது. ஜீவா பிறந்து அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது மறுபடி கேட்டார்கள். நான் முந்திக்கொண்டு, "இல்ல சார், அசல்ல கட்டினது" என்றேன். மாமா என்னைப் பார்த்தார். காவ்யாவைப் பற்றிக் கேட்டபோது காய்ச்சலில் போனாள் என்றேன். அதற்குப் பிறகு எல்லா நோட்டிலும் 'சொந்தம் இல்லை' என்றே ஏறிவிட்டது. சின்னக் குழந்தைக்கு வருகிற சர்க்கரை, அதனால் மூளை பாதிப்பு என்று அவர்களும் வைத்தியம் பார்த்தார்கள். நாங்களும் எக்ஸிபிஷனுக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையில் நின்றோம்.

வெளிப்பட்டது எப்படித் தெரியுமா? போன அக்டோபரில் அம்மாவும் கூட வந்தாள். டாக்டர் கிஷோர் புதிதாக வந்தவர். மாமா ஜீவாவைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். அம்மா பொறுக்கமாட்டாமல், "டேய் வேம்புலி, கழுத்த புட்சிக்கடா! அக்கா சொல்றது காதுல வுழல?" என்று ஒரு அதட்டல் போட்டாள். டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "பாட்டிமா, மருமகனையா டேய்ங்கிறீங்க? நீங்க அவருக்கு அக்காவா?" என்றார். அம்மா பெருமையாக, "கூடப் பொறந்தவன் சார். நான் வளத்த புள்ள" என்றாள். அவர் எங்களைத் திட்டவில்லை. ரத்தம் எடுக்க எழுதிக்கொடுத்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போகட்டும். நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். எனக்கு விளங்கிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை மடிக்கிற டேபிளில் இரண்டு வருஷம் இருந்தேனே. எங்கள் சூப்பர்வைசர் கன்னியம்மா, சரக்கு குறைந்தால் எங்களில் பாதிப் பேரை ஓரமாக உட்காரவைப்பாள். ஷிப்மென்ட் வந்தால் எழுப்பிவிடுவாள். உன் நொதி கன்னியம்மாதான். ஜீவாவுக்கு வாய்த்த கன்னியம்மாவுக்கு உட்காரவைக்க மட்டும்தான் தெரிகிறது, அப்படித்தானே?

அப்படியென்றால் ஒன்று சொல்கிறேன் கேள். கன்னியம்மா லீவு போட்ட நாளில் வேலை நிற்கவில்லை. யாரையும் யாரும் உட்காரவைக்கமாட்டார்கள். எல்லாரும் மடித்துத் தள்ளுவோம். நாலு பீஸ் வேஸ்ட் ஆகும், ஆனால் லாரி போய்விடும். திறக்கத் தெரியாத கன்னியம்மாவை மொத்தமாகவே வெளியே அனுப்பிவிட்டால் என்ன?

நான் படிக்காதவள். முட்டாள்தனமாகக் கேட்டிருந்தால் சிரித்துக்கொள்.

சுவேதா

-

ஹைதராபாத்
22.1.2025

சுவே,

சிரிக்கவில்லை. பெரிய பெரிய லேபில் இருப்பவர்கள் யோசிக்கிறதை நீ மடிக்கிற டேபிளிலிருந்து யோசித்துவிட்டாய். அந்த நொதியே இல்லாமல் எலிகளை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். பிழைத்திருக்கின்றன. சின்னச் சின்னக் குறைகளோடு, ஆனால் பிழைத்திருக்கின்றன. அதனால் பூட்டும் கையைக் கட்டிப்போடுகிற வேதிப்பொருள் கிடைக்குமா என்று தேடுகிறார்கள். சோதனைக்குழாயில் ஒன்றிரண்டு வேலை செய்கின்றன. அது மருந்தாக மனிதன் உடம்புக்குள் போக எத்தனை வருஷம் என்று யாராலும் சொல்லமுடியாது. பத்து என்று வைத்துக்கொள்.

இனி அந்த வாக்கியத்துக்கு வருகிறேன்.

அன்று நான் சொன்னது பொய். சொந்தத்தில் வேண்டாம் என்று நான் யாரிடமும், எப்போதும் சொன்னதில்லை. அப்பா செத்த பிறகு நம் இருவரையும் சைக்கிளில் முன்னும் பின்னும் வைத்து ஸ்கூலுக்குக் கொண்டுபோனவர் மாமா. நம் படிப்பு முடியட்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டவர். அவரைக் கட்டிக்கொள்ளச் சொன்னபோது, "எனக்குப் பிஎச்டி முடிக்கணும், விட்டுடுங்க" என்று மட்டும்தான் சொன்னேன். அது சுயநலம். அடுத்த மாதமே உன்னைக் கேட்டார்கள். இருபத்தோரு வயதில் நீ தலையாட்டினாய். நான் ஹாஸ்டலுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். காவ்யா போனதும், என் சுயநலத்துக்கு விஞ்ஞானச் சட்டை மாட்டிக்கொண்டேன். தெரிந்துதான் மறுத்தேன் என்று காட்டிக்கொள்ள அந்த ஒரு வரி. அந்த வரிக்குப் பயந்து நீ ஆஸ்பத்திரியில் பொய் சொல்லியிருக்கிறாய். ஜீவாவின் மூன்றரை வருஷத்தைத் தின்றது நான்தான்.

மன்னிப்புக் கேட்கக்கூட வாய் இல்லை. கேட்டுக்கொள்கிறேன்.

கனி

-

பட்டாபிராம்
29.1.2025

அக்கா,

மன்னிப்பை நீயே வைத்துக்கொள். எனக்கு அந்தப் பொடி வேண்டும்.

சோதனைக்குழாயில் வேலை செய்கிறது என்றாயே, அந்தப் பொருள். அது உங்கள் ஊரில் கிடைக்குமா? உன் லேபில் யாராவது வைத்திருப்பார்களா? ஒரு சிட்டிகை போதும். ஜீவாவுக்குப் பதினோரு கிலோ. எவ்வளவு, எத்தனை வேளை என்று நீ கணக்குப் போட்டு எழுது. ஊசி போட எனக்குத் தெரியும். நாலாயிரம் ஊசிக்குமேல் போட்டிருப்பேன், கம்பவுண்டருக்குக் கூட அவ்வளவு கை பழகியிருக்காது. பத்து வருஷம் என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? அவனுக்குப் பத்து மாதம் இருக்கிறதா என்றே டாக்டர் என் கண்ணைப் பார்த்துச் சொல்லமாட்டேன் என்கிறார்.

ஏன் இந்த அவசரம் என்று கேட்பாய். இதை இன்னும் அம்மாவையும் மாமாவையும் தவிர யாருக்கும் சொல்லவில்லை. பதிமூன்று வாரம் ஆகிறது. ஆமாம், மறுபடியும். வேண்டுமென்று இல்லை, ரிப்போர்ட் வருவதற்கு முன்னால் தங்கியது. மாமாவுக்குப் போன வாரம்தான் தெரியும். அவர் முகத்தில் அன்று வந்த சந்தோஷத்தை நான் ஏழு வருஷத்தில் பார்த்ததில்லை. "இது நல்லா வரும் பாரு. மூணாவதுல எல்லாம் கழிஞ்சிடும்" என்றார். கழியுமா?

டாக்டர் கிஷோர் நாலில் ஒன்று என்றார். அப்படியென்றால் இரண்டு பேருக்கு வந்துவிட்டதே, அடுத்த இரண்டு பேருக்கு வராதுதானே? அதை மட்டும் கேட்டு எழுது. வராது என்று நீ எழுதினால் நம்புவேன். ஊர் சாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். யாரும் சொல்லவில்லை.

சுவேதா

-

ஹைதராபாத்
2.2.2025

சுவே,

வராது என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது.

நாலில் ஒன்று என்பது வரிசைக் கணக்கு இல்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் அது புதிதாகத் தொடங்கும். முன்னால் இரண்டு பேருக்கு வந்தது என்று மூன்றாவதுக்குச் சலுகை கிடையாது. நாலில் மூன்று பங்கு நன்றாகவே இருக்கலாம். ஒரு பங்கு ஜீவாவைப் போல.

பொடி பற்றி. லேபில் இல்லை. ஆனால் வாங்கலாம், அதுதான் எனக்குப் பயம். நேற்று ஆர்டர் படிவத்தைத் திறந்து பெயர்கூட நிரப்பினேன். பிறகு அழித்தேன். அது இதுவரை ஒரு உயிருள்ள எலிக்குக்கூடப் போகவில்லை. கல்லீரலைக் கரைக்குமா, இருதயத்தை நிறுத்துமா, யாருக்கும் தெரியாது. எத்தனை மில்லிகிராம் என்று நான் ஒரு எண்ணை எழுதினால் அது கணக்கு இல்லை சுவே, குருட்டாம்போக்கு. நீ என் கையெழுத்தை நம்பி ஏற்றுவாய். ஜீவாவுக்கு நான் வார்த்தையால் செய்த கேட்டை மறுபடியும் கையால் செய்யமாட்டேன். நீ என்னை எவ்வளவு திட்டினாலும் இதில் அசையமாட்டேன்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். பதினாறாவது வாரத்தில் பனிக்குட நீரை எடுத்துப் பார்த்தால் குழந்தைக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஜீவாவின் ரிப்போர்ட் கையில் இருப்பதால் எங்கே பார்க்கவேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். தயவுசெய்து செய்துகொள். முடிவு என்னவானாலும், அதற்குப் பிறகு என்ன செய்வது என்று நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். தெரிந்தவள் மாதிரி பேசிய பலனை ஒரு தடவை பார்த்துவிட்டேன். தெரிந்துகொள், அவ்வளவுதான். தெரியாமல் மட்டும் இருக்காதே.

கனி

-

பட்டாபிராம்
21.2.2025

அக்கா,

நேற்று எடுத்தார்கள். தொப்புளுக்குக் கீழே நீள ஊசி. வலிக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ரிசல்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகும்.

பொடிக்காக உன்னை மனசுக்குள் திட்டியதெல்லாம் எழுதினால் தபால்காரர் தூக்கமாட்டார். விடு. ஜீவாவுக்கு இந்த வாரம் இரண்டு தடவை வலிப்பு வந்தது. அப்போது உன்னை இன்னும் அதிகம் திட்டினேன்.

டெஸ்ட் என்றதும் வீட்டில் ரகளை. மாமா சட்டையைக்கூட மாட்டாமல் வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். "ஒரு பொண்ண என் கையால குழில வச்சேன். இருக்கறவன தெனம் ஊசில குத்தினு கீறேன். இப்ப வவுத்துல கீறதையும் கண்டுபுட்சி நானே அனுப்பி வைக்கணுமா? இன்னா பாவம்டி பண்ணேன் நான்?" என்று கேட்டார். கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்ட்ரல் வண்டி ஏறிவிட்டேன். திரும்பி வந்தபோது அவர் ஜீவாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். தட்டில் எனக்கும் போட்டு வைத்திருந்தார்.

உன் கடிதங்களை அம்மா கண்டுபிடித்துவிட்டாள். படிக்கத் தெரியாது, ஆனால் கையெழுத்து தெரிகிறது. "பெரியவ கட்டிக்கினு இருந்தா அவளுக்கும் இதே கதிதான். தப்சிக்கினா" என்றாள். முன்பு என்றால் எனக்கும் வயிறு எரிந்திருக்கும். இப்போது அப்படி இல்லை. வண்டியில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். இந்த வீட்டுக்கு இது வந்தே தீரவேண்டும் என்றிருந்தது. உனக்கோ எனக்கோ யாராவது ஒருத்திக்கு. நீ படித்தவள், உன்னால் இதைத் தாங்கியிருக்க முடியாது. எனக்குத் தோல் தடி. சரி, என்னோடு போகட்டும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தபோதுதான் கொஞ்ச நாளாக வராத தூக்கம் உட்கார்ந்தபடியே வந்தது. பட்டாபிராமில் அம்மா தட்டி எழுப்பினாள்.

உன்மேல் எனக்குக் கோபம் குறைந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதினேன்.

சுவேதா

-

ஹைதராபாத்
26.2.2025

சுவே,

இந்தக் கடிதத்தை எழுதலாமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். உன்னிடம் இனிப் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதால் எழுதுகிறேன். இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜனவரியில் உன் ரிப்போர்ட் வந்த வாரமே நானும் என் ரத்தத்தைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். உன் கெட்ட பிரதி அம்மாவிடமிருந்து வந்தது. அம்மாவின் தம்பி என்பதால் மாமாவிடமும் அதே பிரதி இருக்கிறது. அம்மாவிடம் இருப்பது எனக்கும் வந்திருக்கப் பாதி வாய்ப்பு. வந்திருக்கும் என்றுதான் நினைத்தேன். வந்திருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். அப்படி வந்திருந்தால் நீ சொன்ன ஆறுதல் எனக்கும் உண்டு.

எனக்கு வரவில்லை. என்னுடைய இரண்டு பிரதியும் நல்லவை.

இதன் அர்த்தம் உனக்கே புரியும், ஆனாலும் எழுதிவிடுகிறேன். மாமாவை நான் கட்டிக்கொண்டிருந்தால் எங்களுக்கு எத்தனை குழந்தை பிறந்திருந்தாலும் ஒன்றுக்குக்கூட இந்த நோய் வந்திருக்காது. இந்த வீட்டுக்கு இது வந்தே தீரவேண்டும் என்று இல்லை. நான் மறுத்ததால் மட்டுமே வந்தது. சொந்தத்தில் வேண்டாம் என்று உனக்குப் புத்தி சொன்னவள்தான், சொந்தத்தில் கட்டியிருந்தால் எல்லாரையும் காப்பாற்றியிருக்கக்கூடியவள்.

தினமும் லேபுக்குப் போகிறேன். மாதிரிகளை உறையவைக்கிறேன். படம் எடுக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை. எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை சுவே. என்னை என்ன வேண்டுமானாலும் சொல். ஏதாவது சொல்.

கனி

-

பட்டாபிராம்
12.3.2025

அக்கா,

உன் கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். மறுநாள் பொறுக்கி எடுத்து அடுக்கிவைத்து மறுபடியும் படித்தேன்.

உண்மை சொல்ல உனக்கு நல்ல நேரம் வாய்த்தது. வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பவள் ஒரே ஒரு ஆறுதலைக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அதையும் பிடுங்கிக்கொண்டாய். உன் பாரத்தை இறக்கிவைக்க என் தலைதானா கிடைத்தது? உனக்கு அப்போதும் அடுத்தவர் என்ன ஆவார்கள் என்று தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. அன்று பொய் சொல்லிக் கொன்றாய், இன்று உண்மை சொல்லி. இதைச் சொல்லிவிட்டால் எனக்கு ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

மாமாவிடம் இதைச் சொல்லமாட்டேன். நீயும் சொல்லக்கூடாது, என் தலைமேல் சத்தியம். உன்னைக் கட்டியிருந்தால் தன் பிள்ளைகள் ஓடியாடியிருக்கும் என்று அவர் ஒரு நிமிஷம்கூட நினைக்க நான் விடமாட்டேன். காவ்யாவும் ஜீவாவும் என் பிள்ளைகள். அவர்களுக்குப் பதிலாக வேறு பிள்ளைகளைக் கணக்கில் வைத்து நீ அழவேண்டாம்.

ரிசல்ட் பத்தாம் தேதி வந்தது. இருக்கிறது. இரண்டு பிரதியும், ஜீவாவைப் போலவே.

முதலில் பெற்றுக்கொள்வது என்றுதான் இருந்தேன். என்னால் இரண்டு பேரைத் தூக்கமுடியும் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் ஜீவாவுக்கு வலிப்பு வந்தது. ஏழு நிமிஷம். பல் கடித்து நாக்கில் ரத்தம். முடிந்ததும் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை இன்னொரு முகத்தில் வைத்துப் பார்க்க என்னால் முடியாது அக்கா. தெரிந்தே முடியாது. கலைத்துவிடலாம் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் என் வயிற்றின் மேல் கை வைத்தார். "நீ சொல்றதுதான். நான் உன் கூட வரேன்" என்றார்.

பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை. இரண்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே இருக்கவேண்டும் என்றார்கள். ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டார்கள், நானும் கேட்கவில்லை. மாமா என்னோடு வருகிறார். அம்மாவுக்குக் கண்புரை, ஊசியின் கோடு தெரியாது. ஜீவாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அக்கம்பக்கத்தில் கேட்டேன். ஊசி என்றதும் எல்லாருக்கும் வேறு வேலை வந்துவிட்டது.

நீ வா. மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வராதே. ஊசி பிடிக்கத் தெரிந்த கை எனக்குத் தெரிந்து உன்னுடையதுதான் மீதி. மாமாவிடம் உன் பெயரைச் சொன்னேன். சோற்றை விட்டு எழுந்திருக்கவில்லை. "வரட்டும்" என்றார்.

காலை ஆறு, பதினொன்று, மாலை ஐந்து, ராத்திரி ஒன்பது. ஒவ்வொரு தடவையும் முதலில் விரலில் குத்திச் சர்க்கரை பார். எண்பதுக்குக் கீழே இருந்தால் ஊசி போடாதே, குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கன்னத்தின் உள்பக்கம் தடவு. எவ்வளவு யூனிட் என்று பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். தொடை மாற்றி மாற்றிப் போடு. கஞ்சியைக் கெட்டியாகக் கொடுக்காதே, புரை ஏறும். ஊட்டி முடித்ததும் அரை மணி தோளில் சாய்த்து வைத்திரு. கழுத்துக்குக் கை கொடுக்க மறந்துவிடாதே. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவை, வாயில் எதையும் திணிக்காதே. ஐந்து நிமிஷம் தாண்டினால் மூக்கில் அடிக்கிற மருந்து அலமாரி மேல் தட்டில் இருக்கிறது. அதற்கும் நிற்காவிட்டால் ஆம்புலன்ஸுக்குப் போன் செய், எங்களுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

அவனுக்குக் கண் சரியாகத் தெரியாது. ஆளை வாசனையில்தான் கண்டுபிடிப்பான். புது ஆள் தொட்டால் மூச்சை அடக்கிக்கொண்டு நீலமாகிவிடுவான். அதனால் என் பச்சை நைட்டியைத் துவைக்காமல் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போகிறேன். வந்ததும் குளிக்காதே, சோப்பு வாசனை ஆகாது. அதைப் போட்டுக்கொண்டு அவனைத் தூக்கு. கழுத்துப் பக்கம் மூக்கை வைத்துக் கொஞ்ச நேரம் பார்ப்பான். நான்தான் என்று நம்பிவிடுவான். நான் திரும்பி வருகிறவரைக்கும் அந்த இரண்டு நாளும் நீதான் அவனுக்கு அம்மா. இடையில் எவ்வளவு கசகசத்தாலும் அந்த நைட்டியை மாற்றிவிடாதே.

சுவேதா